இடிச்சதால கிடைச்ச கரை

சான் பிரான்சிஸ்கோவுக்கு வர்ற நம்ம மக்கள் முக்கால்வாசி பேர் ஒரே மாதிரிதான் ஊர் சுத்தறாங்க. கோல்டன் கேட் பாலத்துகிட்ட காரை நிறுத்தி நாலு போட்டோ, லம்பார்ட் தெரு வளைவுல ஒரு வீடியோ, அப்புறம் நேரா பியர் 39. கடல்சிங்கத்தைப் பாத்து மூக்கைப் பொத்திக்கிட்டு, ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தம் ரெண்டு வாங்கிட்டு, பார்க்கிங் கட்டணத்துக்கு அழுதுட்டு, "அவ்ளோதானா ஊரு?"ன்னு திரும்பிப் போயிடறது. (பியர்னா இங்க படகுத்துறை. சென்னை நண்பன்கிட்ட போன்ல "பியர் 39ல இருக்கோம்"னு சொன்னேன். "எண்ணிக்கிட்டே வேற குடிக்கறியா?"ன்னு கேட்டான்.)

என் கட்சி வேற. உங்களுக்கு இந்த ஊர்ல ஒரே ஒரு நாள்தான் இருக்குன்னா, காரை மறந்துட்டு எம்பார்கடேரோவுல நடங்க. வளைகுடாத் தண்ணியை ஒட்டியே போற அகலமான சாலை, அகலமான நடைபாதை. பார்ட் ரயில்ல எம்பார்கடேரோ ஸ்டேஷன்ல எறங்கினா, கொஞ்ச தூரத்துலயே மணிக்கூண்டோட ஃபெரி பில்டிங் நிக்கும். அங்கேருந்து பியர் 39 ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. தங்கமணியும் நானும் ஒரு சனிக்கிழமை அதைக் கடக்க ஒரு முழு நாள் எடுத்துக்கிட்டோம்.

காலையில ஃபெரி பில்டிங் வாசல்ல உழவர் சந்தை. பேரைக் கேட்டு நம்ம ஊர் உழவர் சந்தை விலை இருக்கும்னு போயிடாதீங்க. தங்கமணி ஒரு பீச் பழத்தை எடுத்தாங்க, மனசுக்குள்ள ரூபாயால பெருக்கினாங்க, கீழ வெச்சாங்க. ரெண்டு கடை தள்ளிப் போய்ட்டுத் திரும்பி வந்து அதையே வாங்கினாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

ஃபெரி பில்டிங்குக்கு வடக்கால துறைகளுக்கு எல்லாம் ஒற்றைப்படை எண், தெக்கால இரட்டைப்படை. அதனால வழி தவற வாய்ப்பே இல்ல. பியர் 7 வெறும் மரப்பலகைப் பாலம், தண்ணிக்குள்ள நீளமா போகும். கடை கிடையாது, டிக்கெட் கிடையாது. பெரியவங்க சில பேர் தூண்டில் போட்டு உக்காந்திருந்தாங்க. "ஏங்க, பியர் 39 எப்ப போறோம்?"னு நான் கேக்கவேண்டிய கேள்வியை அவங்க கேக்கவே இல்ல, ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்துட்டோம். கால் வலிச்சா ஏறிக்க எஃப் லைன் டிராம் இருக்கு. பழைய காலத்து வண்டிங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊரோட பழைய வண்ணத்துல. இத்தாலியில மிலான்ல ஓடின ஆரஞ்சு வண்டி வந்தா விடாதீங்க, உள்ள மர பெஞ்சு.

சரி, கருத்து சொல்றேன்னு ஆரம்பிச்சுட்டு டூரிஸ்ட் கைடு மாதிரி போயிட்டு இருக்கேன். விஷயம் என்னன்னா, 1991க்கு முன்னாடி இப்படி நடந்திருக்கவே முடியாது.

ஃபெரி பில்டிங் தொறந்தது 1898ல. வளைகுடாவைத் தாண்டற எல்லாரும் படகுலதான் வந்தாங்க. 1936ல பே பிரிட்ஜ், 1937ல கோல்டன் கேட்னு ரெண்டு பாலமும் வந்ததும் படகுக்கு ஆள் கொறஞ்சு போச்சு. அப்ப கார்தானே எல்லாம்? 1959ல ஃபெரி பில்டிங்குக்கு நேர் முன்னாடியே ரெண்டடுக்கு கான்கிரீட் சாலையைக் கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. ஊருக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு சுவர் எழுப்பின மாதிரி. கோல்டன் கேட் பாலம் வரைக்கும் இழுக்கறதா திட்டம். ஜனங்க எதிர்த்ததால பாதியிலயே நின்னு போச்சு.

ஆனா இதே ஜனங்கதான் 1986ல "இடிக்கலாமா?"ன்னு ஓட்டுக்கு விட்டப்ப வேணாம்னுட்டாங்க. அசிங்கமா இருந்தாலும் பழகின வழி! கடைசியில முடிவு பண்ணினது 1989 அக்டோபர் 17 பூகம்பம். அதுல ஓக்லண்ட்ல இதே மாதிரி ஒரு ரெண்டடுக்கு சாலை சரிஞ்சு 42 பேர் செத்தாங்க. எம்பார்கடேரோ சாலை விழல, சேதத்தோட மூடிக் கெடந்துச்சு. அப்ப மேயரா இருந்த ஆர்ட் அக்னோஸ் சரி பண்ண வேணாம், இடிச்சிடலாம்னார். சைனா டவுன் வியாபாரிங்க கொதிச்சுப் போனாங்க. அவங்க கடைக்கு வாடிக்கையாளர் வர்ற வழியே அந்தச் சாலைதான். 1991ல இடிச்சாங்க. அதே வருஷத் தேர்தல்ல அக்னோஸ் தோத்தார். இது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கதையைச் சொல்றவங்க பலபேர் சைனா டவுன் ஆளுங்களை வில்லனாக்கிடறாங்க. எனக்கு அது பிடிக்கல. நாங்க ஒரு சனிக்கிழமை வந்து பீச் பழம் தின்னுட்டுப் போறோம், அவங்களுக்கு அது பொழப்பு. சைனா டவுனுக்கு மெட்ரோ ரயில் வந்து சேர 2022 ஆயிடுச்சு. முப்பது வருஷத்துக்கு மேல! இடிச்சது சரிதான், என் ஓட்டு இடிக்கறதுக்குத்தான். ஆனா அதுக்கான விலையை யார் கொடுத்தாங்கன்னும் சேர்த்துச் சொல்லணும்ல?

எங்க ஆபீஸ்ல இதைப் பேசினா, "டிராஃபிக் என்ன ஆகும்?"தான் முதல் கேள்வி. ஒண்ணும் ஆகல. கீழ பனைமரம் வெச்ச சாலையும் அதுக்கு நடுவுல டிராமும் வந்துச்சு. கொஞ்சம் மெதுவா போகணும், அவ்ளோதான். நான் அங்க கார் ஓட்டிச் சிக்னல்ல திட்டினவன், அனுபவத்துலதான் சொல்றேன்.

சாயங்காலம் பியர் 39 போனோம். கடல்சிங்கங்க கத்திக்கிட்டே ஒண்ணையொண்ணு தண்ணியில தள்ளிட்டு இருந்துச்சுங்க. பூகம்பத்துக்கு அப்புறம்தான் அதுங்க இங்க கூட்டமா வந்து சேர்ந்துச்சாம். தங்கமணி அதையே பாத்துக்கிட்டு, "இதுங்களும் இடம் காலியானதும் வந்து உக்காந்துக்கிச்சு போல"ன்னாங்க.

இப்ப அடுத்த பஞ்சாயத்து ஆரம்பிச்சிருக்கு. இந்தக் கரையைத் தாங்கறது நூறு வருஷத்துக்கு மேல பழசான கடல் தடுப்புச் சுவர். கடல் மட்டம் ஏறுது, அடுத்த பூகம்பத்துக்குத் தாங்குமான்னும் சந்தேகம். 2018ல 42.5 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஜனங்க ஓட்டு போட்டாங்க. 2024ல ராணுவப் பொறியாளர் படையும் நகரமும் சேர்ந்து வெளியிட்ட வரைவுத் திட்டத்துல கரையை உயர்த்தறது உட்பட மொத்தம் 1,350 கோடி டாலர் ஆகும்னு கணக்கு போட்டிருக்காங்க. செலவு பண்ணட்டும், பண்ணித்தான் ஆகணும். ஆனா நடைபாதையோட சேத்து தரையையே உயர்த்துங்க சாமி. சுவரை மட்டும் தூக்கிக் கட்டிட்டு, 1959 மாதிரி தண்ணியை மறுபடி எங்க கண்ணுலேருந்து மறைச்சுடாதீங்க.