சுடாமல் இறக்கிய துப்பாக்கி

கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் ஒன்றை அப்படியே தரையில் படுக்க வைத்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் உயரம் 452 மீட்டர். அடிவாரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். உச்சிமுனை இருக்கும் இடத்தில் நடுத்தர நாய் அளவில் ஒரு விலங்கு நிற்கிறது. அதன் மார்பில், நீங்கள் கையை விரித்து வைத்தால் மறைந்துபோகும் அளவுக்கு ஓர் இடம். இதயமும் நுரையீரலும் அங்கேதான் இருக்கின்றன. ஒரே தோட்டாவில் அந்த இடத்தில் அடிக்க வேண்டும். பட்டால் விலங்கு நின்ற இடத்திலேயே விழும். ஒரு சாண் தள்ளிப் பட்டால் ஓடிவிடும். ஓடி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு புதரடியில் மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் துடித்துச் சாகும்.

அமெரிக்க வேட்டைக்காரர்கள் 500 கஜம் என்று சொல்வது ஏறக்குறைய இந்தத் தூரம்தான். மீட்டரில் 457. அந்த விலங்கின் பெயர் கொயோட்டி.

துப்பாக்கி உரிமம் என்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் நம் நாட்டில் இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் துப்பாக்கி பிடித்தவன் அல்லன். என் தம்பி அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் காற்றாலைப் பொறியாளராக வேலை செய்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, அவன் வீட்டுக்குப் பக்கத்தில் செம்மறி ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவரோடு பழக்கம் ஏற்பட்டது. அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை, ஊர் திரும்பிய பிறகும் மனத்தை விட்டுப் போகவில்லை.

முதலில் கொயோட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓநாயைவிடச் சிறியது; பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ வரை எடை. பார்த்தால் ஒல்லியாகத் தெரியும். அடர்ந்த ரோமத்தைக் கழித்துவிட்டால் உடம்பு அதைவிட ஒல்லி. வடஅமெரிக்காவின் சொந்த விலங்கு. மனிதர்கள் ஓநாய்களைச் சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்தார்கள். காலியான அந்த இடத்தில் கொயோட்டி பரவியது. இன்று ஹவாயைத் தவிர எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் இருக்கிறது. சிகாகோ போன்ற பெருநகரங்களுக்குள்ளேயே குட்டி போட்டு வாழ்கிறது.

எலி, முயல் என்று தின்னும் இந்த விலங்கு, வாய்ப்புக் கிடைத்தால் ஆட்டுக்குட்டியையும் விடாது. காலையில் பட்டிக்குப் போய்க் கழுத்துக் கடிபட்ட குட்டியைத் தூக்கி வருபவரிடம் நாம் இயற்கைச் சமநிலை பற்றிப் பாடம் நடத்த முடியாது. அது அவருடைய வருமானம். அதனால் வயோமிங்கில் கொயோட்டியைச் சுட வேட்டை உரிமம் தேவையில்லை. மானுக்கு உள்ளது போன்ற வேட்டைப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவே ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் கொல்கிறது.

சட்டம் எந்தக் கட்டுப்பாடும் வைக்காத இடத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம் என்பதைச் சுடுபவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அது மனச்சாட்சியை மட்டும் சேர்ந்த முடிவு அல்ல. அதில் நிறைய இயற்பியலும் இருக்கிறது.

கொயோட்டி வேட்டையில் பரவலாகப் பயன்படும் தோட்டா வகைகளில் ஒன்று 223 ரெமிங்டன். அதன் முனைக்குண்டு ஏறக்குறைய மூன்றரை கிராம். உங்கள் அலுவலக அச்சுப்பொறியில் இருக்கும் ஓர் ஏ4 தாள் அதைவிடக் கனமானது. குழலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர். ஒலியைப் போல் மூன்று மடங்கு. ஆனால் காற்றைக் கிழித்துக்கொண்டு 500 கஜம் போய்ச் சேரும்போது அந்த வேகத்தில் பாதிதான் மிஞ்சும்.

போகும் வழியெல்லாம் புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. 200 கஜத்துக்குச் சரிசெய்து வைத்த துப்பாக்கியில், 300 கஜத்தில் குண்டு குறியிலிருந்து ஏறக்குறைய 18 செண்டிமீட்டர் இறங்கியிருக்கும். 500 கஜத்தில் இறக்கம் 115 செண்டிமீட்டர். தூரம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. இறக்கமோ ஆறு மடங்குக்கு மேல். தூரத்தை 25 கஜம் தவறாகக் கணித்தாலே போதும், குண்டு 15 செண்டிமீட்டருக்கு மேல் இடம் மாறிவிடும். அந்தக் கையகல இடம் மொத்தமே அவ்வளவுதான்.

"இதற்கெல்லாம் இப்போது கருவி இருக்கிறதே" என்று தொழில்நுட்பம் தெரிந்த இளைஞர்கள் சொல்வார்கள். உண்மைதான். லேசர் தூரமானி தூரத்தை ஒரு நொடியில் சொல்லிவிடும். வெப்பம், காற்றழுத்தம், கடல்மட்டத்திலிருந்து உயரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஸ்கோப்பில் எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று கைப்பேசிச் செயலி காட்டிவிடும். புவியீர்ப்பு நேர்மையானது. இன்றைக்கு எப்படி இழுத்ததோ நாளைக்கும் அப்படியே இழுக்கும். அதைக் கணக்கில் அடக்கிவிடலாம்.

காற்று அப்படி அல்ல. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று நம் ஊரில் சட்டையைப் படபடக்க வைக்கும், அவ்வளவுதான். அதே காற்று அந்தச் சிறு குண்டை 200 கஜத்தில் ஏறக்குறைய 12 செண்டிமீட்டர் தள்ளும். 500 கஜத்தில் 90 செண்டிமீட்டர் அளவுக்குத் தள்ளிவிடும். 16 என்று நினைத்த காற்று உண்மையில் 10 ஆக இருந்தால், குண்டு ஓர் அடிக்கு மேல் விலகிப் போகும். மார்புக்குப் பதில் வயிற்றிலோ பின்னங்காலிலோ படும்.

கையில் காற்றுமானி வைத்திருந்தாலும் அது நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றைத்தான் அளக்கும். நடுவில் ஒரு பள்ளம் இருந்தால் அங்கே காற்று வேறு. விலங்கு நிற்கும் மேட்டில் வேறு. காற்றாலையில் வேலை செய்யும் என் தம்பிக்கு இது நன்றாகப் புரிந்தது. "ஒரே மைதானத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு காற்றாடிகூட ஒரே வேகத்தில் சுற்றாது அண்ணே" என்றான்.

அடுத்தது துப்பாக்கியின் தரம். நல்ல துப்பாக்கி என்பதற்கு வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் பழைய அளவுகோல், 100 கஜத்தில் எல்லாக் குண்டுகளும் ஓர் அங்குல வட்டத்துக்குள் விழ வேண்டும் என்பது. கேட்க அற்புதமாக இருக்கும். அதே துப்பாக்கி 500 கஜத்தில் ஐந்து அங்குல வட்டம் போடும்; ஏறக்குறைய 13 செண்டிமீட்டர். இலக்கின் அளவு 15. அதாவது துப்பாக்கியே தன் பங்குக்கு இலக்கு முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டது. சுடுபவரின் மூச்சுக்கும், இதயத் துடிப்புக்கும், குளிரில் விறைத்த விரலுக்கும், காற்றைப் பற்றிய ஊகத்துக்கும் அங்கே இடமே இல்லை.

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும் இன்னொன்று இருக்கிறது. குண்டு 500 கஜம் போய்ச் சேர முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். கண் இமைக்கும் நேரத்தைவிட நீண்டது. கொயோட்டி நிற்கும் விலங்கு அல்ல. சாதாரணமாக ஓரடி எடுத்து வைத்து நடந்தாலே அந்த நேரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். விசையை அழுத்தும்போது அங்கே இருந்த மார்பு, குண்டு போய்ச் சேரும்போது அங்கே இருக்காது. இதற்கு எந்தச் செயலியிலும் விடை கிடையாது. அடுத்த அடியை எடுத்து வைப்பதா வேண்டாமா என்பது அந்த விலங்குக்கு மட்டுமே தெரியும்.

அந்தப் பெரியவருடன் ஒரு பிப்ரவரி காலையில் நானும் தம்பியும் போனோம். சேஜ் புதர்கள் பரவிய மேட்டு நிலம். அங்கங்கே பனித் திட்டுகள். எதிர்ச்சரிவில் ஒரு கொயோட்டி வந்து நின்றது. தூரமானியில் 430 கஜம். அவர் படுத்துக்கொண்டு, ஸ்கோப் வழியாக நீண்ட நேரம் பார்த்தார். எங்கள் பக்கத்துப் புல் வலப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. நடுவில் இருந்த ஓடைக்கரைப் புல் அசையவே இல்லை. அந்தச் சரிவில் பனித்தூள் எதிர்ப்பக்கம் பறந்தது. அவர் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

ஏன் சுடவில்லை என்று தம்பி கேட்டான். "தவறிப் போனால் பரவாயில்லை. தவறாமல் பாதி பட்டுவிட்டால்தான் பிரச்சினை" என்றார். நானூறு கஜம் நடந்து அந்தச் சரிவுக்குப் போகும்போது, அது நின்ற இடம் எது என்பதே குழம்பிவிடும் என்றும் சொன்னார். பக்கத்தில் அடிபட்ட விலங்கைத் தேடிப் பிடித்து வேதனையை முடித்துவிடலாம். தொலைவில் அடிபட்டதைப் பெரும்பாலும் தேடவே முடியாது.

இந்த ஆண்டு அவர் குட்டிகளைத் தின்னப் போவது அதே விலங்காக இருக்கலாம். அது அவருக்குத் தெரியாதது அல்ல.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குண்டுகளைச் சுட்டுப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் கஜத்தில் இரும்புத் தகட்டை அடிப்பவர்களுக்கு ஐநூறு கஜம் எம்மாத்திரம் என்று கேட்பார்கள். அவர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரும்புத் தகடு நகராது. முதல் குண்டு தவறினால் தூசி எங்கே கிளம்புகிறது என்று பார்த்து, திருத்தி, இரண்டாவதில் அடிக்கலாம். தகட்டுக்கு வலிக்காது. வேட்டையில் முதல் குண்டே தேர்வு. அதற்கு முன் ஒத்திகை கிடையாது.

அமெரிக்க வேட்டைக்காரர்களுக்குள்ளேயே இந்த விவாதம் நடக்கிறது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், மிகத் தொலைவிலிருந்து சுடுவதை நியாயமான வேட்டையாக ஏற்பதில்லை. ஆபத்தை உணர்ந்து தப்பிக்கும் வாய்ப்பு விலங்குக்கு இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கொயோட்டிகளைக் கொன்று எண்ணிக்கைக்குப் பரிசு வாங்கும் போட்டிகளைக் கலிபோர்னியா 2014-இல் தடை செய்தது. வெர்மான்ட், நியூ மெக்சிகோ மாநிலங்களும் பின்னர் தடை விதித்தன.

சுட்டே ஒழித்துவிடலாம் என்ற கணக்கும் எடுபடவில்லை. ஆண்டுதோறும் நான்கில் மூன்று பங்கைக் கொன்றாலும் இந்த இனம் அழிய ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று 1975-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எண்ணிக்கை குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு இரை தாராளமாகக் கிடைக்கும். குட்டிகள் அதிகம் பிழைக்கும். அதனால்தான் பல பண்ணைகளில் கிரேட் பிரனீஸ் போன்ற பெரிய காவல் நாய்களை மந்தையோடு மந்தையாக வளர்க்கிறார்கள். பெரியவரிடமும் இரண்டு இருந்தன; ஆடுகளுக்கு நடுவில் படுத்தால் எது ஆடு எது நாய் என்று தெரியாத வெள்ளை நிறம்.

பழைய வேட்டைக்காரர்களின் திறமை தூரத்தை வெல்வதில் இல்லை, குறைப்பதில் இருந்தது. அடிபட்ட முயல் கத்துவது போல் ஊதுகுழலில் ஒலி எழுப்பி, கொயோட்டியை நூறு கஜத்துக்குள் வரவழைப்பார்கள். அதுவும் லேசல்ல. கொயோட்டி நேராக வராது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும். மனித வாடை பட்டால் முடிந்தது கதை. அங்கும் காற்றைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே காற்றைத் தவறாகப் படித்தால், விலங்கு உயிரோடு தப்பிவிடும். தொலைவிலிருந்து சுடும்போது தவறாகப் படித்தால், அந்தத் தவற்றின் விலையை விலங்கு கொடுக்கும். இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசமாக எனக்குப் படுவது இதுதான்.

உங்கள் எல்லை எவ்வளவு கஜம் என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். எண் ஒன்றைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "இன்றைக்கா, நேற்றைக்கா?" என்று திருப்பிக் கேட்டார். காற்றில்லாத காலையில் முந்நூறு. இன்றைப் போன்ற நாளில் நூற்றைம்பது. கண் கலங்கிய நாளில், கை நடுங்கிய நாளில், துப்பாக்கி வீட்டிலேயே இருக்கும்.