அலகிடுதலுக்கு முன் ஓசை: யாப்புக் கற்பித்தல் குறித்து ஒரு கருத்து

இளங்கலைத் தமிழ் வகுப்புகளில் யாப்பு பெரும்பாலும் கரும்பலகையில் தொடங்கிக் கரும்பலகையிலேயே முடிகிறது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் யாப்பருங்கலக்காரிகையின் வைப்புமுறையில் உறுப்புகள் அறிமுகமாகின்றன. மாணவர் சீர் பிரித்து, நேர், நிரை குறித்து, வாய்பாடும் தளையும் எழுதுகின்றனர். செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என்னும் ஓசைகளோ பாவகைகளுக்கு எதிரே எழுதப்படும் வெறும் பெயர்களாக நின்றுவிடுகின்றன. இம்முறை மாற வேண்டும். செவி உணர்ந்ததைச் சரிபார்க்கும் செயலாகவே அலகிடுதல் கற்பிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு இலக்கண மரபே சான்று. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் மாத்திரையே முதலாவது. தூக்கும் வண்ணமும் தனித்தனி உறுப்புகள். தளை அவ்வரிசையில் இல்லை. காரிகை தளையை உறுப்பாகக் கொண்டது பயில்வோர்க்குப் பெருந்துணையே. ஆயினும் தளை ஓசையின் ஒழுங்கைக் காட்டும் கருவி, ஓசைக்கு மாற்றன்று.

செய்யுளிசை அளபெடையை எடுத்துக்கொள்வோம். அதன் இலக்கணத்தைப் பிழையின்றி எழுதும் மாணவர் பலர், 'ஓஒதல்' என்பதில் ஒகரம் ஏன் வந்தது என்று கேட்டால் தயங்குகின்றனர். வெண்பாவில் அடுத்த சீர் நேரசையில் தொடங்கும்போது 'ஓதல்' என நிற்பின் அது தேமா. மாமுன் நேர் வந்து ஆசிரியத்தளையாகும். 'ஓஒதல்' என அளபெடுப்பின் கூவிளம். விளமுன் நேர் வந்து இயற்சீர் வெண்டளை அமையும். இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் செய்தால், செப்பலோசை எங்கே கெட்டது, எங்கே நிறைந்தது என்பதை மாணவர் கேட்டறிவர். விதி அதன்பின் விளங்கும்.

இது வகுப்பறையோடு முடிவதன்று. பழஞ்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியில்லை. சீரும் அடியும் பிரிக்கப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. 'கொடு', 'கோடு' இரண்டும் ஒரே வடிவில் நிற்கும். முன்னது நிரையசை, பின்னது தேமாச்சீர். எது பாடம் என்பதைப் பொருளோடு யாப்பும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். பிரித்துத் தரப்பட்ட சீர்களை மட்டுமே அலகிட்டுப் பழகியவர், பிரிக்கப்படாத ஏட்டின்முன் என்ன செய்வார்? பதிப்பிக்கப்படாத சுவடிகள் இன்னும் உள்ள நிலையில் இக்கேள்வி நம் துறைகளுக்கே உரியது.

மாணவர் எண்ணிக்கை மிகுந்த வகுப்பில் ஓசைப் பயிற்சி எளிதன்று. வினாத்தாளில் செவியுணர்வை அளப்பதும் அரிது. ஆனால் வினாவை மாற்றலாம். அளபெடை நீக்கிய அடியையோ சீர் பிழைபடப் பிரித்த பாடலையோ கொடுத்து, திருத்தவும் காரணம் கூறவும் கேட்கலாம். பருவத்திற்கு ஒரு குறள்வெண்பாவேனும் ஒவ்வொருவரும் இயற்றி வகுப்பில் படிக்கலாம். இதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. அலகிடச் சொல்லும் முன் பாடலை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்வதிலிருந்தே தொடங்கலாம்.