மரத்துப்போகும் கையும் இரத்தப் பரிசோதனையும்

விடியற்காலையில் பால் கறக்க உட்கார்ந்தால் இரண்டாவது மாட்டுக்கே கை மரத்துப் போகிறது. இரவில் விரல்கள் விறுவிறுத்துத் தூக்கம் கலைகிறது. கையை உதறினால் சற்றுக் குறைகிறது. இப்படிச் சொல்லும் கறவைக்காரர்களும் களை எடுக்கும் பெண்களும் பல ஊர்களில் உண்டு. வாதம் என்று தைலம் தேய்ப்பது பழைய வழக்கம். இப்பொழுது நகரத்துப் பரிசோதனை நிலையத்தில் ஒரே மூச்சில் பத்து இருபது இரத்தச் சோதனை செய்துகொண்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று தாள்களுடன் திரும்புகிறார்கள். அந்த நிம்மதியில் மேலும் ஓராண்டு ஓடிவிடுகிறது. செலவைவிட இந்த நிம்மதிதான் கெடுதல்.

மணிக்கட்டின் உள்பக்கம் எலும்பும் தடித்த நாரும் சூழ்ந்த குறுகிய பாதை ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியே செல்கின்றன. அங்கே வீக்கம் கண்டால் நரம்பு நசுங்குகிறது. டாக்டர்கள் 'கார்ப்பல் டனல்' நோய் என்பது இதைத்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரக்கும். சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பிவிடும்.

மடிநோய் வந்த மாட்டின் பாலைச் சோதித்தால், அதிலுள்ள உயிரணுக்களின் பெருக்கத்தைக் கொண்டு நோயின் கடுமையை ஓரளவு அறியலாம். கைக்கும் இரத்தத்தில் அப்படி ஓர் அளவுகோல் இருக்கும் என்று எண்ணுவது இயல்பே. விஞ்ஞானிகளும் அதைத் தேடுகிறார்கள். வீக்கத்தைக் காட்டும் பொருள்கள், வெள்ளணு வகைகளின் விகிதம், வைட்டமின் டி என்று பலவற்றை அளந்து பார்த்திருக்கிறார்கள். நோயின் கடுமையை இரத்தத்தைக் கொண்டே சொல்லும் சோதனை எதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நசுங்குவது ஓர் அங்குல நரம்பு; உடல் முழுவதும் ஓடும் இரத்தத்தில் அது தெரியாமல் போவதில் வியப்பில்லை.

அதற்காக இரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்பதல்ல. சர்க்கரை நோயும் தைராய்டு குறைவும் முடக்குவாதமும் இந்நோய்க்குத் துணை போகின்றன. எனவே சர்க்கரை பார்ப்பது அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். மற்றவை டாக்டர் சொன்னால் போதும். இவை நோய் ஏன் வந்தது என்பதற்குத் துப்புக் கொடுக்கும். எவ்வளவு முற்றியது என்று சொல்லா.

அதைச் சொல்வது நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்று அளக்கும் சோதனை. வீட்டிலேயே கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. கட்டைவிரலின் அடியிலுள்ள சதைமேடு மற்றக் கையைவிட வற்றியிருந்தால், பிடி தளர்ந்து செம்பு நழுவினால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. வற்றிய சதை முழுவதும் திரும்புவது அரிது.

மடிநோய்க்கு முகாம் போடும் பால் சங்கங்கள் கறக்கும் கையையும் ஒருமுறை டாக்டரைக் கொண்டு பார்க்கச் செய்தால் என்ன?

ஆரம்ப நிலையில் இரவில் மணிக்கட்டு மடங்காதபடி பட்டை கட்டிப் படுத்தாலே பலருக்குக் குணம் தெரிகிறது. முற்றினால் சிறு அறுவை செய்து அந்த நாரை வெட்டிவிடுவார்கள். பிறகு சில வாரங்கள் கறக்க முடியாது. அவசரம் இல்லையென்று டாக்டர் சொன்னால், மாடுகள் வற்றியிருக்கும் காலமாகப் பார்த்து வைத்துக்கொள்வது வசதி.