பிராங்க் பாவம்!

அண்ணன் செல்லில் 'கேட்ச் மீ இஃப் யூ கேன்' (2002) பார்த்தோம். பைலட், டாக்டர், வக்கீல் என்று வேஷம் போட்டு, போலி செக் மாற்றும் பிராங்க் என்ற பையனின் கதை. எங்க தெருப் பசங்க எல்லாம் "செம மூளைடா" என்றார்கள். எனக்கு அவனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது.

அப்பா அம்மா பிரியும்போது, யாரோடு இருப்பாய் என்று பெயரை எழுதச் சொல்கிறார்கள். எழுதாமல் ஓடிப்போகிறான். என்னைக் கேட்டாலும் எழுத மாட்டேன்.

கிறிஸ்துமஸ் ராத்திரி, தன்னைத் துரத்துகிற அதிகாரிக்கே போன் போடுகிறான். உனக்குப் பேச வேற ஆளே இல்லையா என்று அவர் சிரிக்கிறார். பசங்களும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. அவர் ஒருத்தரிடம்தானே அவன் நடிக்க வேண்டியதில்லை! தப்பு செய்தவன்தான், ஒத்துக்கறேன். ஆனா கடைசியில் அம்மாவின் புது வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனியில் நிற்கிறானே, அப்பவும் சிரிப்பீங்களா?