தணல் சட்டியை வெளியே வையுங்கள்

தை, மாசி மாதங்களில் நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுகிறது. அந்தக் குளிரில் கதவு ஜன்னலை அடைத்து, இடுக்கில் சாக்கைச் சொருகி, அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளிக் காம்பராவுக்குள் வைத்துப் படுப்பது நம்மிடம் உள்ள பழக்கம். பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டில் கட்டாயம் வைப்பார்கள்.

அண்மையில் ஒரு திங்கட்கிழமை காலை, ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர் தலைவலி என்று வகுப்பில் சாய்ந்து கிடந்தார்கள். ஒன்று வாந்தியும் எடுத்தது. இடைவேளைக்குள் மூவரும் தெளிந்து மைதானத்தில் ஓடினார்கள். விசாரித்தபோது மூத்தவள், "ராவைக்குக் குளிருன்னு அம்மா தணல் வச்சாங்க டீச்சர். அம்மாவுக்கும் தலை சுத்துச்சு, அப்படியே மலைக்குப் போயிட்டாங்க" என்றாள்.

இது காய்ச்சல் அல்ல. விறகோ, கரியோ, மண்ணெண்ணெயோ, காஸோ காற்றுப் போதாமல் எரியும்போது வரும் நச்சு வாயு. பள்ளிப் புத்தகம் இதைக் காபனோரொட்சைட்டு என்கிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. புகையாவது கண்ணைக் கரித்து நம்மை எழுப்பும். புகை அடங்கிய தணலிலிருந்து வரும் இந்த வாயு எழுப்பாது. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி, பிறகு நினைவிழப்பு. உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவார். கர்ப்பிணிகள், வயிற்றுப் பிள்ளை, குழந்தைகள், இரத்தசோகை உள்ளவர்கள், இருதய நோயாளர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலி வந்து, வெளியே போனதும் குறைந்தால் இந்த வாயுவையே முதலில் சந்தேகிக்க வேண்டும். உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். ஏற்கெனவே மயங்கிக் கிடப்பவரைத் தேடி வாயு நிறைந்த அறைக்குள் நெடுநேரம் நிற்காதீர்கள். இரண்டாவது ஆளும் விழுந்துவிடுவார்.

இந்த வாயுவைக் கண்டறிந்து சத்தமிடும் கருவிகள் உண்டு. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வாங்கி அனுப்புகிறார்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். படுக்கும் அறையில் மாட்டுங்கள். அடுப்புக்கு நேர் மேலேயும் அலுமாரிக்குப் பின்னாலும் வேண்டாம். மாதம் ஒருமுறையாவது சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உலர்ந்த துணியால் தூசு துடையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை சின்னதாகக் 'கீச்' என்றால் பெரும்பாலும் பற்றரி தீர்கிறது, அல்லது கருவியின் ஆயுள் முடிகிறது. பின்பக்கத்தில் உள்ள திகதி கடந்தால் பொத்தான் சத்தமிட்டாலும் நம்பாதீர்கள்; பொத்தான் சத்தத்தைத்தான் சோதிக்கும், வாயு உணரியை அல்ல. டோர்ச்சுக்கென்று அதன் பற்றரியைக் கழற்றுவது பெரும் பிழை.

இன்னொன்று: ஐரோப்பியத் தரத்தில் செய்த கருவி, காற்றில் பத்து இலட்சத்துக்கு 300 பங்கு வாயு இருந்தால் 3 நிமிடத்துக்குள் அலறும். 50 பங்கு என்றால் 60 முதல் 90 நிமிடம் கழித்தே அலறும். ஆகவே கருவி மௌனமாக இருப்பதால் காற்று சுத்தம் என்று தணலை உள்ளே வைக்க முடியாது.

ஆனால் புகைபோக்கி இல்லாத காம்பராவில் இந்தக் கருவி அடிக்கடி அலறும். அலறுகிறதே என்று கழற்றி எறியாதீர்கள். அது நமக்காகச் சாட்சி சொல்கிறது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் 4,860 ரூபாவானது; அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. காஸுக்கு மாறியிருந்த வீடுகளும் மிலாறு பொறுக்கப் போயின. விறகு எரிப்பது நம் அறியாமையால் அல்ல. லயத்துச் சுவரில் ஒரு ஓட்டை போடவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டியிருக்கையில், அந்தச் சுவருக்குள் சேரும் நச்சுக்கு நாம் மட்டும் பொறுப்பாளிகள் ஆக முடியாது.

எனவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இம்மாதம் லயம் லயமாகச் செல்லட்டும். புகைபோக்கி இல்லாத குசினி எத்தனை, திறக்க முடியாத ஜன்னல் எத்தனை, அங்கே கைக்குழந்தையும் கர்ப்பிணியும் எத்தனை பேர் என்று மாதர் சங்கத் தலைவியோடு சேர்ந்து எழுதுங்கள். அந்தப் பட்டியலுடன் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து, பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். புதிய வீடு கட்டும் இடத்திலும் முதல் கேள்வி புகைபோக்கி எங்கே என்பதாக இருக்கட்டும்.

புகைபோக்கி வரும்வரை, இன்றிரவு ஒன்று செய்யலாம். தணல் சட்டியை இஸ்தோப்புக்கு வெளியே வையுங்கள். இன்னொரு கம்பளியைப் போர்த்துங்கள். பிள்ளைகள் காலையில் எழும்ப வேண்டும்.