ஒரு கிதார் இரண்டான கதை

மொழிபெயர்ப்பாளன் என்று தெரிந்துவிட்டால் உறவினர்கள் சும்மா விடுவதில்லை. இன்ஷூரன்ஸ் பாலிசியின் பொடி எழுத்து, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்த காகிதம், கிரைண்டருக்கான உத்தரவாத அட்டை என்று எதையாவது நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு பாரேன்" என்பார்கள். சென்ற கார்த்திகை பிரம்மோற்சவத்துக்குத் திருச்சானூர் போயிருந்தபோது அக்கா மகன் நீட்டியது வேறு ரகம். நாலாக மடித்த, பல மொழிகளில் அச்சான ஒரு தாள். அதோடு கைக்கடக்கமான ஒரு இரும்புப் பெட்டி. மேலே நாலு திருகுகள், கீழே காலால் அழுத்த ஒரு பொத்தான், பக்கவாட்டில் ஒயர் செருகும் துளைகள். கிதார் ஒலியை அலைய வைக்கிற டிஜிட்டல் பெடல்.

"மாமா, இது கெட்டுப் போச்சா இல்ல எனக்குத்தான் தெரியலையா, நீங்களே சொல்லுங்க."

விஷயம் சாதாரணமானதல்ல. அவன் திருப்பதி வட்டாரத்தில் கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் கலைஞன். இந்தத் தொழிலில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. கீபோர்டுக்குள்ளேயே கிதார், வயலின், தபேலா எல்லாம் இருக்கின்றன. போதாததற்குப் பாட்டின் பின்னணி இசை மட்டும் பதிவான டிராக்கைப் போட்டு, பாடகர் மட்டும் மேடையேறுவதும் உண்டு. ஒரு கிதார்க்காரனுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிக்க முதலாளிக்கு ஆசை இருக்காதா? 80களின் சினிமாப் பாட்டுகளில் வரும் அந்த மினுமினுக்கும் கிதார் ஒலியைத் தன்னாலும் கொடுக்க முடியும் என்று நிரூபிக்கத்தான், இரண்டு மாதக் கச்சேரிப் பணத்தில் பழைய பெடல் ஒன்றை வாங்கியிருந்தான்.

வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது சொர்க்கம். கல்யாண மண்டபத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் முழுவதும் திருப்பிவிட்டான். அப்போதும் கிதார் சப்பென்றே இருந்தது. பாட்டின் நடுவில் மிக்ஸர் பக்கம் உட்கார்ந்திருந்தவர் எதையோ இறக்க, திடீரென்று கிதார் கப்பலேறியவனைப் போலத் தள்ளாடத் தொடங்கியது. மணப்பெண்ணே திரும்பிப் பார்த்தாளாம். குழுத் தலைவர் அன்றிரவு சொன்னது ஒரே வாக்கியம்: "அடுத்த புரோகிராமுக்கு கீபோர்டுலயே சமாளிச்சுக்கலாம்பா." அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. கெஞ்சி ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தான்.

தாளை விரித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இப்படிப்பட்ட இடங்களில் ஒரு வியாதி உண்டு. கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன் அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவான். மாடுலேஷன் என்பதற்கு நம் பள்ளி இயற்பியல் பாடநூல் 'பண்பேற்றம்' என்கிறது. வானொலி அலைக்குப் பொருந்தலாம், கிதாருக்கு இடிக்கிறது. ரேட் என்பது வேகம். டெப்த் என்பது ஆழம். மிக்ஸ் என்பது கலவை. ஃபீட்பேக் என்பதைப் பின்னூட்டம் என்று எழுதினால் வாசகர் கடிதம் என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே அது வெளியே வந்த ஒலியில் ஒரு பங்கை மறுபடி உள்ளே ஊட்டுவது. யோசித்துப் பார்த்தால் அந்தச் சொல்லின் நேரான அர்த்தமே அதுதான்.

ஆங்கிலத்திலும் நிலைமை ஒழுங்காக இல்லை. சுருதி ஏறி இறங்கி நடுங்கினால் வைப்ரேட்டோ. சுருதி மாறாமல் சத்தம் மட்டும் கூடிக் குறைந்தால் டிரெமோலோ. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரை வெளியிட்டபோது, சுருதியை ஆட்டும் கைப்பிடிக்கு டிரெமோலோ என்று பெயர் வைத்தது. அதே நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபயர்களில் சத்தத்தை ஆட்டும் வசதிக்கு வைப்ரேட்டோ என்று எழுதியது. அப்படியே நேர்மாறு. அந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை. ஆகவே பெயரை நம்பித் திருகைத் திருப்பாதீர்கள், காதை நம்புங்கள்.

அக்கா மகனுக்கு வேண்டியது இந்த இரண்டும் அல்ல, கோரஸ். அது என்ன என்று தாளை வைத்து நான் விளக்கத் தொடங்கியபோது தெருவில் தாயார் புறப்பாடு வந்துகொண்டிருந்தது. முன்னால் இரண்டு நாதஸ்வரம், டோலு. விளக்கம் தானாகவே வாசலுக்கு வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

இரண்டு பேர் ஒரே கீர்த்தனையை ஒரே சுருதியில் வாசிக்கிறார்கள். ஆனால் அச்சு அசலாக ஒன்றுபோல அல்ல. ஒருவர் நூலிழை முந்துகிறார், மற்றவர் பிந்துகிறார். ஒருவரது மத்தியமம் மயிரிழை தூக்கலாக நிற்கிறது. அடுத்த மூச்சில் அது மற்றவரிடம் போய்விடுகிறது. இந்தப் பிசகல்தான் ஒரு நாயனத்தில் இல்லாத அகலத்தையும் மினுமினுப்பையும் இரட்டை நாயனத்துக்குத் தருகிறது. இருவரும் துல்லியமாக ஒன்றுபோல வாசித்துவிட்டால் ஒரே நாயனம் சற்றுச் சத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

பெடல் செய்வது இதே வேலையை. உள்ளே வரும் கிதார் ஒலியை நொடிக்கு நாற்பதாயிரம் தடவைக்கு மேல் அளந்து எண்களாக்குகிறது. எண்களை ஒரு நினைவகத்தில் நிறுத்தி வைத்து, 20 அல்லது 30 மில்லி நொடி கழித்து வெளியே விடுகிறது. ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக 20 மில்லி நொடி என்பது கிட்டத்தட்ட ஏழு மீட்டர் தள்ளி நிற்கும் இன்னொருவன். இந்தத் தாமதத்தையும் ஒரே அளவில் வைக்காமல் மெல்லக் கூட்டிக் குறைக்கிறது. தாமதம் நீளும்போது சுருதி கொஞ்சம் இறங்கும், குறுகும்போது ஏறும். நம்மை நோக்கி வந்து கடந்து போகும் ரயிலின் ஊதல் மாறுவதைப் போல. இந்த இரண்டாம் ஒலியை அசலோடு கலந்தால் கோரஸ். அசலை விலக்கிவிட்டு அலையும் ஒலியை மட்டும் கேட்டால் வைப்ரேட்டோ. தாமதத்தைச் சில மில்லி நொடிகளுக்குக் குறைத்துப் பின்னூட்டமும் கொடுத்தால் ஜெட் விமானம் தலைக்கு மேல் போவது போன்ற ஃபிளாஞ்சர். கலவை என்ற ஒரு திருகில் எத்தனை வித்தை!

கணினிச் சில்லு வருவதற்கு முன் இதைச் செய்த விதம் இன்னும் சுவாரசியமானது. 1969இல் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு சில்லு, மின்னூட்டத்தை ஒரு சிற்றறையிலிருந்து அடுத்ததற்கு ஊற்றி ஊற்றிக் கடத்தியது. தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையில் நின்று கைமாற்றும் தண்ணீர் வாளிகளைப் போல. பெயரே வாளி வரிசை என்ற பொருளில்தான். இதை வைத்து ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1975இல் ஜேசி-120 என்ற ஆம்ப்ளிஃபயரைச் செய்தது. அதில் இரண்டு ஸ்பீக்கர். ஒன்றில் அசல் ஒலி, மற்றதில் அலையும் ஒலி. இரண்டும் கலப்பது அறையின் காற்றில். மறு வருடம் அந்தச் சுற்றை மட்டும் தனியே எடுத்து பாஸ் என்ற பெயரில் காலால் மிதிக்கும் பெட்டியாக்கினார்கள். சிஇ-1 என்ற அதுதான் கோரஸ் பெடல்களின் மூத்த அண்ணன்.

இரண்டு ஸ்பீக்கர் என்ற இடத்தில்தான் எங்கள் பிரச்சினையின் முடிச்சு இருந்தது. பெட்டியில் வெளியே போக இரண்டு துளைகள். அக்கா மகன் இரண்டிலும் ஒயர் செருகியிருந்தான். இருக்கிறதே என்று செருகினான், பாவம். தாளின் மூன்றாவது மடிப்பில், படத்துக்குக் கீழே எறும்பு சைஸ் எழுத்தில், ஒற்றை ஸ்பீக்கர் அமைப்புக்கு முதல் துளையை மட்டும் பயன்படுத்தவும் என்று ஒரு வரி.

அந்த வரிக்குக் காரணம் உண்டு. இந்த ரகப் பெடல்கள் பலவற்றில் இரண்டு துளையிலும் அசல் ஒலி வரும். கூடவே அலையும் ஒலி ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் வரும். இடது காதிலும் வலது காதிலும் தனித்தனியாகக் கேட்டால் பிரமாதமான அகலம். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினால் நேரும் தலைகீழும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். மிஞ்சுவது வெறும் கிதார். கல்யாண மண்டபத்து ஒலியமைப்பு பெரும்பாலும் அப்படி ஒன்றாக்குவதுதான். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி போனால்தான் மூலையில் இருப்பவருக்கும் பாட்டு கேட்கும். எவ்வளவு திருகினாலும் பலனில்லாமல் போனது இதனால்தான். மிக்ஸர்க்காரர் ஒரு பக்கத்தை இறக்கியதும் அடிபட்டுக் கிடந்த ஒலி, முழு ஆழத்தோடு, மண்டபத்தில் எழுந்து நின்றுவிட்டது.

இரண்டாவது ஒயரைப் பிடுங்கினோம். வேலை முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் சரியான அளவு கண்டுபிடிக்க அன்று மாலை முழுவதும் ஆயிற்று. முதல் வேலை கிதாருக்குச் சுருதி சேர்ப்பது. சுருதி சேராத கிதாரில் கோரஸ் போடுவது காய்ச்சல்காரனை ராட்டினத்தில் ஏற்றுவது மாதிரி. அடாப்டரையும் பார்க்க வேண்டியிருந்தது. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், ஊசியின் நடுப்பகுதி நெகட்டிவ். கடையில் கிடைக்கும் சாதாரண அடாப்டர்களில் பல இதற்கு நேர் எதிர். மாற்றிச் செருகினால் பெட்டி போயே போய்விடலாம். டிஜிட்டல் பெட்டிகள் மின்சாரமும் அதிகம் குடிக்கும், சதுர பேட்டரியை நம்பிக் கச்சேரிக்குப் போக முடியாது. ஒலியை முரடாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் இருந்தால் அது முன்னால், கோரஸ் அதன் பின்னால், எதிரொலி கடைசியில்.

திருகுகளுக்குக் கடிகார முள் கணக்கு. ஆழத்தையும் கலவையையும் பூஜ்யத்தில் வைத்து, வேகத்தை நொடிக்கு ஒரு அலைக்கும் குறைவாக வைத்தோம். பிறகு கலவையை மெதுவாக 12 மணிக்கு. ஆழத்தை, 'ஏதோ நடக்கிறது' என்று காது உணரும் வரை கூட்டி, அங்கிருந்து ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினோம். அவன் முகம் சுருங்கிவிட்டது. "மாமா, இப்ப பெடல் இருக்கறதே தெரியலையே." காலால் அழுத்தி நிறுத்திக் காட்டினேன். நிறுத்தியபோதுதான் தெரிந்தது. அதுவரை விரிந்திருந்த ஒலி கையகலத்துக்குச் சுருங்கிவிட்டது.

எதிர்வீட்டில் சங்கீதம் தெரிந்த ஒரு பெரியவர். மெலடிக்கு இந்த அலை சரி, ராகம் வாசிக்கும்போது அணைத்துவிடு என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதில் முழு உடன்பாடு. கமகத்தில் சுரத்தை எங்கே, எவ்வளவு அசைப்பது என்று விரல் தீர்மானிக்கிறது. அசையாமல் விடுவதையும் அதுதான் தீர்மானிக்கிறது. பெட்டிக்குள் இருப்பது ஒரே வேகத்தில் போகும் ஊஞ்சல். தோடியின் காந்தாரத்துக்கு மேல் அதையும் ஏற்றினால் இரண்டு பேர் ஒரே சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்த கதைதான். பாலக்கொல்லுவில் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) நினைவுக்கு வந்தார். மாண்டலின் பிறவியிலேயே கோரஸ் கருவி. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு கம்பி ஜோடியாக இருக்கும். அவர் தன் மின் மாண்டலினில் ஜோடிகளை விலக்கி, ஐந்து ஒற்றைக் கம்பிகளை வைத்துக்கொண்டார். கமகத்துக்கு இழுக்க வேண்டுமென்றால் ஒற்றைக் கம்பிதான் சொன்னபடி கேட்கும். உலகமே ஒன்றை இரண்டாக்க அலைந்தபோது இரண்டை ஒன்றாக்கியவர் அவர்.

நாலாம் நாள் திருப்பதியில் வரவேற்பு. மண்டபத்து இருட்டில் திருகின் கோடு தெரியாதே என்று அவன் கவலைப்பட, அக்கா ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொண்டுவந்தாள். கோரஸுக்கு ஒவ்வொரு திருகு ஓரத்திலும் சிவப்புப் பொட்டு. டிரெமோலோ வேண்டிய ஒரே ஒரு பாட்டுக்குப் பச்சை. நான் பின்வரிசையில் ஐஸ்கிரீமோடு உட்கார்ந்திருந்தேன். எட்டுப் பாட்டு வரை யாரும் மேடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரவு ஒரு மணிக்கு ஒயர்களைச் சுருட்டும்போது குழுத் தலைவர் வந்தார். பெடலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை ரேணிகுண்டா, ஆறு மணிக்கு வேன் வந்துடும்" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பச்சைப் பொட்டு எங்கோ உதிர்ந்திருந்தது. அக்கா தூக்கக் கலக்கத்தோடு எழுந்து போய் அட்டையை எடுத்துவந்தாள்.