ஏட்டுச் சுரைக்காயும் இரண்டுக்கு ஒன்றும்

விடுதி அறையில் ஒரு மாலை, வணிகவியல் பயிலும் நண்பனின் பாடநூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நிறுவனம் ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டிய கடன்களைத் தீர்க்குமா என்பதை அறிய 'நடப்பு விகிதம்' என்று ஒன்று உண்டாம். நடப்புச் சொத்துகளை நடப்புப் பொறுப்புகளால் வகுத்தால் வருவது அது. இரண்டுக்கு ஒன்று இருந்தால் நலம் என்கிறது நூல். கணிதம் பயிலும் எனக்கு வகுத்தல் புதிதன்று. ஆயினும் அந்த 'இரண்டு' என் நெஞ்சைத் தைத்தது. எங்கள் ஜவுளிக்கடை நொடித்தபோது அதன் விகிதமும் சரியாக இரண்டுதான்!

என் தந்தை ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கடையில் 3 லட்சம் ரூபாய்க்குத் துணி. கடன் நோட்டில் 80 ஆயிரம். கல்லாவில் 20 ஆயிரம். மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியதோ 2 லட்சம். ஏட்டின்படி ஆபத்தில்லை. ஆனால் அந்தத் துணி முந்திய தீபாவளிக்கு வாங்கியது. கடன் நோட்டில் இருந்தவர்களோ அறுவடையை நம்பியவர்கள். தவணை நாள் மட்டும் தவறாமல் வந்தது. முதலில் அம்மாவின் வளையல்கள் போயின; பின்னர் கடையும் போயிற்று.

இது சிறுகடையின் கதை மட்டுமா? அமெரிக்காவில் 1906-இல் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்த டபிள்யூ. டி. கிராண்ட் நிறுவனம் 1975-இல் திவாலானது. அதன் முந்திய ஆண்டுக் கணக்குகளில் நடப்பு விகிதம் ஒன்றுக்கு மேலேயே இருந்தது, லாபமும் காட்டப்பட்டது. பணமோ விற்காத சரக்கிலும் வராத கடனிலும் முடங்கிக் கிடந்தது.

மறுபக்கமும் பாருங்கள். 2023 ஜனவரி முடிவில் வால்மார்ட்டின் நடப்புச் சொத்து ஏறத்தாழ 7,570 கோடி டாலர்; நடப்புப் பொறுப்பு 9,220 கோடி டாலர். விகிதம் 0.82! ஆயினும் அது நொடிக்கவில்லை. ஏன்? சரக்கு விரைவாக விற்கிறது. வாங்குவோர் பெரும்பாலும் உடனுக்குடன் பணம் தருகின்றனர். சரக்கு தந்தவருக்கு நாள் கழித்துக் கொடுத்தால் போதும்.

சரக்கைக் கழித்துவிட்டுப் பார்க்கும் விரைவு விகிதம் போதாதா என்று நண்பன் கேட்டான். அப்படிப் பார்த்தால் வால்மார்ட் இன்னும் மோசமாகத் தெரியும். குறை வாய்பாட்டில் இல்லை. அதில் காலம் இல்லை என்பதே குறை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சொத்து 3 லட்சம், பொறுப்பு 2 லட்சம் என்றால் விகிதம் 1.5. கணக்கு முடிக்கும் மார்ச் 31-க்கு முதல்நாள் கையிருப்பிலிருந்து 1 லட்சம் கடனை அடைத்துவிட்டால், 2 லட்சத்துக்கு 1 லட்சம், விகிதம் இரண்டாகிவிடும்! ஒரு முழத் துணிகூடக் கூடுதலாக விற்கவில்லை.

ஆகவே விகிதமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அது வாசற்படி, வீடு அன்று. சில்லறை வணிகத்தை எடைபோடுவோர் மேலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சரக்கு எத்தனை நாளில் விற்கிறது? விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது? கடன் எத்தனை நாளில் தீர்க்கப்பட வேண்டும்? இம்மூன்றையும் நடப்பு விகிதத்தோடு ஒரே பாடமாக நடத்துமாறு வணிகவியல் ஆசிரியப் பெருமக்களைப் பணிவன்புடன் வேண்டுகிறேன்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை வங்கி நாற்காலிகளில் அமரக்கூடும். அப்போது கணக்கு நோட்டுடன் ஒரு சிறு வியாபாரி நம் எதிரே நிற்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்று மறவாதிருப்போம். அலமாரித் துணியின் மதிப்பை மட்டும் பார்க்காமல், அதன் மேல் படிந்திருக்கும் தூசியையும் பார்ப்போம்.

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்